பூஜையில் இருந்த மிதவை

உங்களுக்குத் தூக்கம் வருதா அண்ணாச்சி? வரலைன்னா நான் கொஞ்சம் பேசிக்கிட்டே வாரேன். மதுரைல இறங்குனதும் எனக்கு விசாரணை. கம்பெனி ஆபீஸ்ல பெரிய ஆளுக உக்காந்து கேப்பாவளாம். என்ன சொல்லணும்னு ஒருதடவ வாய்விட்டுச் சொல்லிப் பாத்துக்கிடணும்லா? நீங்க வெளியாளு, எந்தப் பக்கமும் சாய மாட்டீங்க. எங்கயாவது தப்பாத் தெரிஞ்சா நிறுத்திருங்க.

என் பேரு பலவேசம். துறைமுகத்துல ஸ்டோர் கீப்பர். துறைமுகத்து ஆளு இல்ல, காண்ட்ராக்ட் கம்பெனி ஆளு. கப்பல்ல இருந்து எண்ணெய் கடல்ல கொட்டிட்டுன்னா அள்ளிச் சுத்தம் பண்ணுறது எங்க வேலை. அதுக்கு வேண்டிய சாமான் பூரா என் பொறுப்பு. எண்ணெய உறிஞ்சி எடுக்க ஸ்கிம்மர்னு ஒரு மெஷினு, தண்ணிய விட்டுட்டு எண்ணெய மட்டும் குடிக்க வெள்ளைப் பட்டை, காத்தடிக்க மோட்டாரு. எல்லாத்துக்கும் மேல பூம். சிரிக்காதீங்க, வெடி இல்ல. ரப்பர் மிதவை. ஆரஞ்சுக் கலர்ல நீளமா, பெரிய உருளைல சுத்தி வச்சிருக்கும். காத்தடிச்சுக் கடல்ல விட்டா தண்ணி மேல வேலி போட்ட மாதிரி நிக்கும். எண்ணெய் அதைத் தாண்டாது. வெளிநாட்டுச் சரக்கு. அது வந்த அன்னைக்குப் பெட்டிய உடைச்சது நான்தான். நம்ம மக பொறந்தப்பகூட நீங்க இப்படி வாயப் பொளந்து பாக்கலன்னு என் பெஞ்சாதி இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா.

நான் ஸ்டோருக்கு வந்து இத்தன வருஷத்துல ஒரு கீறல் விழுந்ததில்ல அண்ணாச்சி. பெரிசா எண்ணெய் கொட்டுனதும் இல்லன்னு வச்சுக்கிடுங்க. சின்னச் சின்னதா கொட்டும், மரத்தூளும் சாக்கும் போட்டுத் துடைச்சுருவோம். அதுக்குப் போயி பூமை எடுப்பாவளா? எங்க படகுக்குத் தண்டல் தொம்மைன்னு ஒரு ஆளு. தண்டல்னா படகுக்குத் தலைவன். அவன்தான் பூமைக் கடல்ல இழுத்துப் போடணும். மாசாமாசம் வந்து நிப்பான், "ஒத்திகை பாக்கணும், புது பூமைக் குடும்"னு. நான் பழசைத்தான் குடுப்பேன். பின்பக்கம் தார்ப்பாய்க்குள்ள பழைய பூம் ஒண்ணு கிடக்கு, உள்ள நுரை வச்சது. அங்கங்க கிழிசல். பழகுறதுக்கு அது போதாதா? புதுசைக் கடல் தண்ணில முக்கி எடுத்தா அந்தப் பளபளப்பு திரும்ப வருமா? வருசா வருசம் ஆடிட்டுக்கு வாரவுக விரலால தடவிப் பாப்பாவ. தூசி ஒட்டாது. "பலவேசம், இது ஸ்டோர் இல்லய்யா, கோயிலு"ன்னு ஒருத்தர் சொல்லிட்டே போனாரு. அப்படி வச்சிருந்தேன்.

கோயிலுன்னு சொல்லிட்டேன்ல, இனி விஷயத்துக்கு வாரேன். அன்னைக்கு ஆயுத பூஜை.

துறைமுகத்துல எங்க ஸ்டோர் பூஜை மாதிரி ஒருத்தனும் செய்ய மாட்டான். முந்தின நாளே எல்லாத்தையும் கழுவித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, உருளைக்கு ஆள் உயர மாலை. ஸ்கிம்மருக்குத் தனியா செவ்வந்தி மாலை. வாசல்ல வாழைக்கன்னு. சரஸ்வதி படத்துக்கு முன்னால ஸ்டோர் சாவிக்கொத்து, என் செல்போனு, டார்ச்சு எல்லாத்தையும் வச்சாச்சு. தொழிலுக்கு ஆகுற சாமான் எல்லாந்தானே? காலைல பூஜை முடிஞ்சு, பொரிகடலை குடுத்து அனுப்பிட்டு, நான் மட்டும் விளக்குக்குக் காவலா உக்காந்துட்டேன். உங்க வீட்டுலயும் செய்வீங்கல்லா? பூஜைல வச்சதை அன்னைக்கு எடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க. மறுநாள் காலைல மறுபூஜை போட்டுட்டுத்தான் கை வைக்கணும். இது நான் உண்டாக்குன சட்டமா?

மத்தியானம் சாப்பாடு முடிஞ்ச நேரம். தொம்மை ஓடி வாரான். வாசல்ல நின்னே கத்துதான்.

"ஸ்டோர்க்காரரே, கப்பலுக்கு எண்ணெய் ஏத்துற குழாய் வெடிச்சுட்டு! கறுப்பா ஊத்துது. தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு, ஓடை வாய்க்குப் போவுது. பூமை எடும்!"

ஓடைன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லணும். துறைமுகத்துக்குத் தெக்க கடல்ல இருந்து ஒரு ஓடை உள்ள போகும். அந்த வாயில வடகரைல தொம்மை ஆளுகளோட படகு, வலை, குடியிருப்பு. தென்கரைல உப்பளம். கடல் ஏறும்போது ஓடைத் தண்ணிய மடை வழியா அளத்துக்கு விடுவாவ. அந்த மடைக்குப் பக்கத்து அளம் என் தங்கச்சி செந்தூர்க்கனியோடது.

சொந்தமுன்னா குத்தகை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அடுத்தவன் அளத்துல உப்பு வாருன புள்ள அண்ணாச்சி. உள்ளங்கால் பூரா வெடிப்பு. இந்த வருசந்தான் அவளும் அவ மாப்பிள்ளை லிங்கதுரையும் தங்க பேர்ல குத்தகை எடுத்தாவ. மழைக்கு முன்னால கடைசி உப்பு வாரல் பாக்கி. அது கைக்கு வந்தாத்தான் குத்தகை நிக்கும், இல்லன்னா திரும்பவும் கூலிக்குப் போகணும். எனக்கு ஒரே தங்கச்சி. அவளுக்குக் கெடுதல் வரணும்னு நான் நினைப்பனா? விசாரணைல இதை முதல்ல சொல்லணும், இல்லையா? என் சொந்த ரத்தத்து அளம் அங்க இருக்கு, நான் வேணும்னு செய்வனான்னு கேக்கணும்.

தொம்மை உள்ள கால் வைக்கப் பாத்தான். "செருப்பைக் கழட்டும்"னேன். அவன் என்னைப் பாத்தான் பாருங்க ஒரு பார்வை, கொன்னு போடுற மாதிரி. கழட்டத்தான் செஞ்சான். உருளைக்கிட்ட போனான். "தொடாதேயும்"னேன். "பூஜைல இருக்கு. நாளைக்குக் காலைல ஏழரைக்கு நல்ல நேரம், மறுபூஜை முடிச்சு நானே எடுத்துத் தாரேன்."

"நாளைக்கா?"ன்னான்.

"எண்ணெய்தானே, எங்க போயிரப் போவுது"ன்னேன். அதை ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அண்ணாச்சி. அந்த ஒத்த வார்த்தையைத்தான் அவன் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதான். விசாரணைக்கும் எழுதிக் குடுத்திருக்கானாம். பேச்சுக்குச் சொல்லுறதை எல்லாம் பிடிச்சுக்கிட்டா ஒரு மனுசன் வாயத் திறக்க முடியுமா?

நான் ஒண்ணும் கையக் கட்டிக்கிட்டு நிக்கல. என் மூளை அந்த நேரத்துல எப்படி வேலை செஞ்சது தெரியுமா? பழைய பூம் பின்பக்கம் கிடக்குல்லா, அது பூஜைல இல்ல! கிழிசலை எதுக்குச் சாமி முன்னால வைக்கணும்னு நான்தான் ஒதுக்கி வச்சிருந்தேன். சாமிக் குத்தமும் இல்ல, வேலையும் நடக்கும். "அதை எடுத்துட்டு ஓடும்"னேன். இதை மட்டும் அந்த ஆபீசருக கேட்டா என்னைப் பாராட்டணும்.

அவன் சொன்னான், "அது எட்டாதுய்யா. ஓடை வாய் முக்காவாசிக்குத்தான் வரும்."

"இழுத்துக் கட்டும்."

"இது என்ன ரப்பர் பேண்டா, இழுத்துக் கட்ட?"

அப்படி எடக்குப் பேசிட்டு அவனும் அவன் ஆளுகளும் பழசைத் தூக்கிட்டு ஓடுனாவ. வேற வழியில்ல, கடல் அதுபாட்டுக்கு ஏறிக்கிட்டு இருக்கு. நான் வாசல்ல நின்னு பாத்தேன். எண்ணெய் வாடை ஸ்டோர் வரைக்கும் வந்துட்டு. ஊதுவத்தி வாசமே தெரியல.

அப்பதான் போன் அடிச்சது. சரஸ்வதி படத்துக்கு முன்னால, பூவுக்குள்ள. எட்டிப் பாத்தா "தங்கச்சி"ன்னு வருது. அடிச்சு நின்னுது. திரும்ப அடிச்சது. பூவெல்லாம் அந்த நடுக்கத்துல லேசா ஆடுது. நான் குத்தவச்சு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். எடுக்கணும்னு கை போச்சு. பொய் சொல்ல மாட்டேன், போச்சு. ஆனா பூமுக்கு ஒரு நியாயம், என் போனுக்கு ஒரு நியாயமா? தொம்மைக்குக் குடுக்காததை என் தங்கச்சிக்குக் குடுத்தேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிரக் கூடாதுல்ல? அடிக்க அடிக்க உக்காந்திருந்தேன். என்ன பாடு பட்டேன்னு எனக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நேரத்துல லிங்கதுரை மாப்ள மொபெட்டுல வந்து சேந்தாரு. முழங்கால் வரைக்கும் கறுப்பு.

"மச்சான், போனை எடுக்கலையே ஏன்? மடைப்பலகை ஒழுகுது. அவ சேலையக் கொண்டு அடைச்சுக்கிட்டு நிக்கா. அந்த ஆரஞ்சு மிதவை ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதைக் குடுங்க. எங்க கரைப் பக்கம் திறந்து கிடக்கு!"

எனக்கு வந்தது பாருங்க கோவம். மாப்ள மேல இல்ல, தொம்மை மேல. பழைய பூம் முக்காவாசிதான் எட்டும்னா நடுவுல போட வேண்டியதுதானே? அவன் வடகரைல இருந்து கட்டிட்டு வந்து, தென்கரைய விட்டுட்டான். அவன் ஆளுக படகும் வலையும் தப்பிச்சுக்கிட்டு, என் தங்கச்சி அளம் திறந்து கிடக்கு. இது பாரபட்சமா இல்லையா? விசாரணைல இதைத்தான் நான் பெரிசாச் சொல்லப் போறேன். மாப்ளைட்டயும் அதைத்தான் சொன்னேன். "தொம்மை செஞ்ச வேலையப் பாத்தீங்களா மாப்ள?"ன்னேன்.

மாப்ள உருளையப் பாத்தாரு, அதுல கிடந்த மாலையப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. "மச்சான், உங்க தங்கச்சி இடுப்பளவு தண்ணில நிக்கா"ன்னாரு. அவ்வளவுதான்.

சரின்னு நானும் இறங்கி வந்தேன் அண்ணாச்சி. கல் நெஞ்சக்காரன் இல்ல நான். மறுபூஜைய இப்பவே போட்டுருவோம், போட்டுட்டு எடுப்போம்னு சொன்னேன். அதுக்குத் தேங்காய் வேணும். காலைல வாங்குனதை உடைச்சாச்சு. மாப்ளைய அனுப்பலாம்னு பாத்தா அவரு மொபெட்டைத் திருப்பிக்கிட்டு ஓடைக்கே போயிட்டாரு. பொண்டாட்டி அங்க நிக்கும்போது அவரு எப்படி இருப்பாரு, நான் குத்தம் சொல்லல. நானே நடந்து கேட் வரைக்கும் போயி, பெட்டிக்கடைக்காரன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன். உடைச்சா அழுகல். அழுகல் தேங்காய வச்சு எப்படிப் பூஜை போட? திரும்பவும் போனேன். வேர்வை ஊத்துது. நான் பட்ட அலைச்சல் அங்க ஒருத்தனுக்கும் தெரியாது.

ரெண்டாவது தேங்காயோட வாரேன், தொம்மை உள்ள நிக்கான்.

செருப்போட நிக்கான் அண்ணாச்சி! தலைல இருந்து கால் வரைக்கும் எண்ணெய். கண்ணு ரெண்டுந்தான் வெள்ளையாத் தெரியுது. நான் கழுவி விட்ட தரை பூரா கறுப்புக் காலடி. உருளைப் பூட்டுக்குச் சாவிய எடுக்கேன்னு கைய நீட்டி, சரஸ்வதி படத்துக் கண்ணாடில உள்ளங்கை அப்படியே பதிஞ்சிருக்கு. என்ன துடைச்சும் இன்னும் போகல.

நான் குறுக்க நின்னேன். "இரும், கற்பூரம் மட்டும் காட்டிக்கிடுதேன்"னேன். நியாயமான வார்த்தைதானே?

"நகரும்"னான்.

"ஒரு நிமிசம்."

"மத்தியானத்துல இருந்து உம்ம ஒரு நிமிசத்தைத்தான் பாக்கேன்"ன்னு சொல்லி என்னைத் தள்ளிவிட்டான். கீழ விழுந்தேன். தேங்காய் உருண்டு போயிட்டு. அவன் ஆளுக மாலைய அத்து எறிஞ்சுட்டு உருளைய உருட்டிட்டுப் போனாவ. ஸ்கிம்மருக்கு மாலையக்கூடக் கழட்டல, அப்படியே தூக்கிட்டாவ. அப்புறம் அது கடல்ல போயி செவ்வந்தி இதழ் எல்லாம் வாய்க்குள்ள போயி அடைச்சு நின்னு போச்சாம். அதுக்கும் என்மேல பழி. முறையா மாலையக் கழட்டத் தெரியாதவன் கைல மெஷினக் குடுத்தது யாரு? நானா குடுத்தேன்? பிடுங்கிட்டுல்லா போனான்.

ஆனா பூமை ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணாச்சி, அதை நான் நெஞ்சுல கை வச்சுச் சொல்லுவேன். காத்தடிச்ச உடனே கும்முன்னு எந்திரிச்சு, ஓடை வாயில கரைக்குக் கரை நின்னுச்சு. ஒரு இடத்துல காத்து இறங்கல. நான் பராமரிச்சது அப்படி. அதுக்குள்ள தண்ணி ஏறி முடிஞ்சு வடிய ஆரம்பிச்சுட்டு, அதுதான் கேடு. எண்ணெய் எல்லாம் ஓடைக்குள்ள போயாச்சு. உள்ள போனதுல ஒரு சொட்டு வெளிய வராம தடுத்து நிறுத்திட்டு என் பூம். என்ன தரம்! அதை ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான்.

பிறகு ஒரு வாரம் சுத்தம் பண்ணுற வேலை. வாளியும் கோப்பையும் வச்சு மோந்தாவ. வெள்ளைப் பட்டைய விரிச்சு விரிச்சுப் பிழிஞ்சாவ. நான் அங்க போகல, எனக்கு ஸ்டோர்ல வேலை. திரும்பி வந்த பூமை நானே கழுவுனேன். சோப்புத்தூள் போட்டு, மெத்துன்னு பிரஷ் வச்சு, குழந்தையக் குளிப்பாட்டுற மாதிரி. அந்த ஆரஞ்சு போயிட்டு அண்ணாச்சி. என்ன தேய்ச்சும் ஒரு பழுப்பு நிக்குது. உக்காந்து அழுதுட்டேன். வாச்மேன் பாத்துட்டு, "தங்கச்சி அளத்தை நினைச்சு அழுதீங்களாண்ணே, விடுங்கண்ணே"ன்னு தேத்துனான். நான் மறுபடியும் பிரஷை எடுத்துத் தேய்ச்சேன்.

தங்கச்சி அளம்? ஆமா, போச்சு. மடை வழியா முதல் பாத்திக்கு வந்து, அங்க இருந்து எல்லாப் பாத்திக்கும் பரவிட்டு. கடைசி வாரல் கறுப்பா நிக்குது, அதை யாரு வாங்குவா? அளத்துக்காரரு குத்தகைய முறிச்சுக்கிட்டாரு. திங்கக்கிழமைல இருந்து ரெண்டு பேரும் கூலிக்குப் போறாவன்னு கேள்விப்பட்டேன். எனக்குச் சங்கடமாத்தான் இருந்தது. அண்ணன்னு இருந்துக்கிட்டு போகாம இருக்க முடியுமா? நேத்து மத்தியானம் பூஜைப் பொரிகடலையும் கொஞ்சம் பழமும் வாங்கிட்டுப் போனேன்.

சண்டை போடுவா, அழுவா, திட்டுவான்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனேன். ஒண்ணும் இல்ல. "வாண்ணே"ன்னா. செம்புல தண்ணி குடுத்தா. கையெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்கு, எண்ணெய் பட்டது. பொரிகடலைய வாங்கி ஓரமா வச்சா. நான் தொம்மை செஞ்ச அநியாயத்தை எல்லாம் விலாவாரியாச் சொன்னேன். கேட்டுக்கிட்டே சமைச்சா. மாப்ளைக்கும் எனக்கும் பக்கத்துல பக்கத்துல இலை போட்டா. சோறு, பருப்புக் குழம்பு, கத்திரிக்காய்க் கூட்டு. அவ கைப்பக்குவம் எங்க அம்மா பக்குவம். ஆசையா ஒரு வாய் எடுத்து வச்சேன்.

உப்பு இல்ல.

குழம்புல இல்ல. கூட்டை எடுத்தேன், அதுலயும் இல்ல. சோத்துலயும் இல்ல. பாவம், இருந்த கவலைல மறந்துட்டா போலன்னு நினைச்சு, "ஏட்டி, கொஞ்சம் உப்பு கொண்டா"ன்னேன். சாதாரணமாத்தான் கேட்டேன்.

அவ எந்திரிக்கல. என் முகத்தை நேராப் பாத்து, ரொம்ப மெதுவாச் சொல்லுதா. "உப்பு பூஜைல இருக்குண்ணே. நாளைக்குத்தான் எடுக்க முடியும்."

ஆயுத பூஜை முடிஞ்சு எத்தன நாளாச்சு? இப்ப என்ன பூஜை? கோட்டி பிடிச்சுட்டோ இவளுக்குன்னு ஒரு நிமிசம் பதறிட்டேன். மாப்ள தலையே நிமிரல, சாப்பிட்டுக்கிட்டே இருக்காரு. அப்பதான் பாத்தேன். அவரு இலை ஓரத்துல உப்பு வச்சிருந்தா. வெள்ளை வெளேர்னு ஒரு கை. எண்ணெய் வாரதுக்கு முன்னால வாருன உப்பு.

எட்டுற தூரந்தான், கை நீட்டுனா கிடைக்கும். மாப்ளையும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா பூஜைல இருக்குன்னு ஒருத்தி சொன்னதுக்கு அப்புறம் நான் எப்படிக் கை வைப்பேன்? அப்படியே முழுசையும் தின்னுட்டு எந்திரிச்சேன்.